யெஸ்டியும் எட்டு பிளக்கும் குன்னூர் மலைப்பாதையும்

குன்னூர் மலைப்பாதையில் இருக்கும் பர்லியார் வரைக்கும் வண்டி ஒரு குறையும் இல்லாமல் இறங்கி வந்தது. மங்குஸ்தான் விற்கும் கடைகளைத் தாண்டியதும் முன்னால் போன பஸ்ஸை முந்தலாம் என்று ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன், பட் பட் என்று இரண்டு முறை இருமிவிட்டு இன்ஜின் நின்றுவிட்டது. கிக்கரை எத்தனை உதை உதைத்தும் பலனில்லை. பொறி விட்டுப் பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்கைக் கழற்றினால் முனை முழுக்கக் கறுத்து, எண்ணெயில் முக்கி எடுத்த விளக்குத்திரி மாதிரி ஈரமாகப் பளபளத்தது. மூன்று மாதத்தில் அது ஏழாவது பிளக்.

வண்டி அப்பாவுடையது. 1984 மாடல் யெஸ்டி 250. மைசூரில் இருந்த அந்த ஃபேக்டரி 1996-லேயே மூடிவிட்டது, இப்போது அதே பெயரில் வருவதெல்லாம் வேறு இன்ஜின், வேறு வண்டி. அப்பா குன்னூர் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் வேலை பார்த்த காலம் முழுக்க இதில்தான் போய் வந்தார். ஓய்வு பெற்ற பிறகு ஆறு வருஷம் ஷெட்டில் தார்ப்பாய் போட்டு நின்றது. நான் எடுத்து டேங்க் கழுவி, கார்புரேட்டர் சுத்தம் செய்து, பேட்டரி மாற்றி, கியர் ஆயில் புதிதாக ஊற்றி ஓட்ட ஆரம்பித்தேன். முதல் இரண்டு வாரம் அருமையாக ஓடியது. அப்புறம்தான் பிளக் அடைக்கத் தொடங்கியது. ஐம்பது கிலோமீட்டர், சில நாள் இருபதே கிலோமீட்டர்.

யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான். "மலைக்கு அப்படித்தான் தம்பி, ரெண்டு பிளக் பாக்கெட்ல வெச்சுக்கோ." நானும் பல வாரம் அதை நம்பினேன். அதில் பாதி உண்மை இருந்ததுதான் பெரிய சிக்கல்.

அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டருக்கு இது தெரியாது. உள்ளே போகும் காற்று மெலிந்த அளவுக்கு ஜெட் என்ற சின்னத் துளை வழியாக வரும் பெட்ரோல் குறைவதில்லை, அதனால் குன்னூர் வருவதற்குள் கலவையில் பெட்ரோல் சுமார் பத்தில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. எரியாமல் மிஞ்சுவது கரியாகப் பிளக்கில் படிகிறது. இதோடு ஜனவரிக் குளிரில் வண்டியைக் கிளப்ப கார்புரேட்டர் பொத்தானை அமுக்கிப் பெட்ரோலை வழியவிடும் பழக்கமும், சீசன் நேரத்தில் டூரிஸ்ட் வேன் பின்னால் முதல் கியரிலேயே ஊர்ந்து ஏறுவதும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மூக்கு 450 டிகிரி அளவுக்குச் சூடானால்தான் தன் மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். ஊர்ந்து போகும் வண்டியில் அந்தச் சூடு வருவதில்லை.

கரி ஏன் இன்ஜினை நிறுத்துகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. கரி மின்சாரத்தைக் கடத்தும். காயிலிலிருந்து வரும் கரண்ட் இரண்டு முனைகளுக்கு நடுவில் தாவிப் பொறி விடுவதற்குப் பதிலாக, பீங்கான் மேல் படிந்த கரி வழியாக நழுவி பாடிக்குப் போய்விடுகிறது. அதனால்தான் பிளக்கைக் கழற்றி ஹெட் மேல் வைத்து உதைத்துப் பார்த்து "நெருப்பு வருதே" என்று சொல்வதை முழுசாக நம்பக்கூடாது. திறந்த வெளியில் பொறி எளிதாகத் தாவும். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடியிருக்கும்போது தாவுவதற்கு இன்னும் அதிக வோல்டேஜ் தேவை, அப்போது கரண்ட் சுலபமான கரி வழியைப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு மல்டிமீட்டர் இருந்தால் இதைக் கண்ணால் பார்க்கலாம். பிளக்கின் மேல் முனைக்கும் மரை இருக்கும் உடம்புக்கும் நடுவில் ஓம்ஸ் வைத்துப் பாருங்கள். புதுப் பிளக்கில் எந்த அளவும் காட்டாது. என்னுடைய ஐந்தாவது பிளக்கைப் பித்தளைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, பெட்ரோலில் கழுவி, வெயிலில் காயவைத்து, பார்ப்பதற்குப் புதுசு மாதிரியே ஆக்கியிருந்தேன். மீட்டர் 3 மெகாஓம் காட்டியது. பத்துக்குக் கீழே வந்தாலே சந்தேகப்பட வேண்டும். சுத்தமாகத் தெரிகிற பிளக்கும் உள்ளே செத்திருக்கலாம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. உப்புத்தாள் போட்டுப் பீங்கானைத் தேய்க்கிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். கீறல் விழுந்த இடத்தில் கரி இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும்.

சரி, மலைதான் காரணம் என்று நம்பிய நாட்களில் செய்ததைச் சொல்கிறேன். கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியான நீடிலின் கிளிப்பை ஒரு வெட்டு மேலே ஏற்றினேன். கிளிப் மேலே போனால் நீடில் கீழே இறங்கும், நடு ஆக்ஸிலேட்டரில் பெட்ரோல் குறையும். மெயின் ஜெட்டைத் தொடவில்லை. முழு ஆக்ஸிலேட்டரில் ஏற்றம் ஏறும்போதுதான் பிஸ்டன் சூட்டில் இறுகிப் பிடித்துக்கொள்ளும் ஆபத்து அதிகம், அங்கே கொஞ்சம் பெட்ரோல் கூடுதலாகப் போனால் போகட்டும். பிளக்கில் என்ஜிகே கம்பெனியின் பி7எச்எஸ் இருந்த இடத்தில் ஒரு நம்பர் சூடான, அதாவது சூட்டைக் கூடுதலாகத் தன்னிடம் வைத்துக்கொள்ளும், பி6எச்எஸ் போட்டுப் பார்த்தேன். என்ஜிகேயில் நம்பர் கூடினால் குளிர்ந்த பிளக், குறைந்தால் சூடான பிளக். இப்போதைய பாஷ் கம்பெனிப் பிளக் நம்பர் நேர் எதிர். இது தெரியாமல் கடைக்காரர் கொடுப்பதை வாங்கிப் போடாதீர்கள். பொறிக்காகக் கரண்ட்டைத் துண்டித்துவிடும் பாயிண்டின் கேப் 0.4 மில்லிமீட்டர், பிளக் கேப் 0.6 வைத்தேன். பாயிண்ட் முனை நீலம் பாரித்திருந்ததால் கண்டன்சரையும் மாற்றினேன், பொறி மஞ்சளிலிருந்து நீலத்துக்கு வந்தது. இவை எல்லாமே செய்ய வேண்டிய வேலைகள்தான், எதுவும் வீணில்லை.

ஒன்றை மட்டும் செய்திருக்கக்கூடாது. இது டூ ஸ்ட்ரோக் வண்டி, பெட்ரோலிலேயே எண்ணெய் கலக்க வேண்டும். அப்பா எப்போதும் லிட்டருக்கு 40 மில்லி டூடி ஆயில் கலப்பார். "பிளக் அடைக்குதா, ஆயிலைப் பாதியாக் குறை" என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு ஒரு டேங்க் 20 மில்லியில் ஓட்டினேன். காட்டேரி என்ற ஊர்ப் பக்கத்து ஏற்றத்தில் இன்ஜின் சத்தமே மாறி, இறுகுவது போலக் கேட்டது. பயந்துபோய் ஓரம் கட்டி அரை மணி நேரம் ஆறவைத்தேன். இந்த வண்டியில் பிஸ்டனுக்கும் கிராங்க் பேரிங்குக்கும் பெட்ரோலில் கலந்து வரும் அந்த ஆயிலை விட்டால் வேறு எண்ணெய் கிடையாது. போதாததற்கு, ஆயிலைக் குறைத்தால் அதே ஜெட் வழியாக அந்த இடத்துக்கும் பெட்ரோல்தான் வருகிறது, கலவை இன்னும் கொஞ்சம் பெட்ரோல் பக்கமே சாய்கிறது. பிளக் அடைப்பதற்கு ஆயிலைக் குறைப்பது மருந்தே இல்லை.

இவ்வளவுக்குப் பிறகு ஏற்றத்தில் வண்டி நன்றாகத்தான் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாலையில் ஆள் நடமாட்டம் வருவதற்கு முன்னால், எஸ்டேட் ஏற்றம் ஒன்றில் மூன்றாவது கியரில் முழு ஆக்ஸிலேட்டரில் ஓட்டி, அப்படியே கிளட்ச் பிடித்து, சாவியை அணைத்து, வண்டி தானாக நின்றதும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். ஏற்றத்தில் செய்தால் வண்டி சீக்கிரமே நின்றுவிடும், இறக்கத்தில் இதை ஒருபோதும் செய்யாதீர்கள். மூக்கின் நிறம் பால் குறைத்துப் போட்ட டீ மாதிரி இருந்தது. வெளி விளிம்பின் நிறத்தைவிட மூக்கின் அடியில், உள்ளே தெரியும் வளையத்தின் நிறத்தைத்தான் பார்க்க வேண்டும், முழு ஆக்ஸிலேட்டர் கலவையைச் சொல்வது அந்த இடம். வெள்ளையாக இருந்தால் ஆபத்து. என்னுடையது சரியாகவே இருந்தது.

ஆனால் அதே வண்டி அடுத்த வாரம் பர்லியாரில் நின்றது. முதலில் சொன்னேனே, அந்த ஏழாவது பிளக்.

அன்று இரவு வீட்டில் "மலை வண்டி, என்ன செய்வது" என்று நான் புலம்பியபோது அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார், "இதே மலையிலதான இருவது வருஷம் ஓட்டுனேன்? அப்ப மலை இல்லியாடா?" வருஷத்துக்கு ஒரு பிளக், மிஞ்சிப்போனால் இரண்டு, அவ்வளவுதான் மாற்றியிருக்கிறாராம். மலை மாறவில்லை, ஜெட் மாறவில்லை, ஆயில் அளவும் மாறவில்லை. மாறியது ஒன்றுதான், வண்டி ஆறு வருஷம் நின்றது. நிற்பதால் கெட்டுப்போகும் பொருள் எது என்று அப்போதுதான் யோசிக்க ஆரம்பித்தேன்.

ஏழாவது பிளக்கைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன். அடுத்த முறை அடைத்த எட்டாவதையும் எடுத்து, இரண்டையும் பழைய தினசரித் தாளில் அழுத்தித் துடைத்தேன். ஏற்றத்தில் முன்பு அடைத்த நான்காவது பிளக்கும் இருந்தது, அதையும் துடைத்தேன். நான்காவது விட்டது உலர்ந்த கரிக்கோடு, விரலில் மைபோல ஒட்டியது, பக்கத்தில் இருந்த பெட்ரோல் ஈரம் கொஞ்ச நேரத்தில் பறந்துவிட்டது. ஏழும் எட்டும் விட்ட கறை பறக்கவே இல்லை. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் போண்டா கட்டிய தாள் மாதிரி பரவி, பின்பக்க எழுத்துகள் முன்னால் தெரிந்தன. நாற்பது மில்லி கலவையில் வரும் டூடி ஆயில் இவ்வளவு கனமாகக் கறை விடாது. ஆக ஒரே வண்டியில் இரண்டு நோய். ஏற்றத்தில் அடைத்தது உலர்ந்த கரி, அது மலையின் கலவை, அதைச் சரிசெய்தாகிவிட்டது. இறக்கத்தில் அடைப்பது எண்ணெய். இரண்டும் கறுப்பாக இருந்ததால் நான் ஒன்றென்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பிளக்கை ஈரமா உலர்ந்ததா என்று பார்க்காமல் கறுப்பு என்று மட்டும் பார்த்ததுதான் மூன்று மாதத்தைத் தின்றது.

மேட்டுப்பாளையத்தில் பழைய ஜாவா, யெஸ்டி மட்டுமே பார்க்கும் ஒரு மெக்கானிக் இருக்கிறார். பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதும் பிளக்கை நீட்டினேன். அவர் வாங்கவே இல்லை. "பிளக்கு இருக்கட்டுங் தம்பி, ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். ஓடவிட்டு, சைலன்சர் பின்னால் குந்தி உட்கார்ந்து, ஆக்ஸிலேட்டரை ஏற்றி ஏற்றி விடச் சொன்னார். ஏற்றும்போது புகை சாதாரணமாக இருந்தது. விட்டு, இன்ஜின் வேகம் இறங்கி, மறுபடி ஏற்றும்போது வெள்ளையும் நீலமுமாகக் குப்பென்று வந்தது. "மோந்து பாருங்க" என்றார். டூடி ஆயில் வாசனை இல்லை, தீய்ந்த எண்ணெய்போலக் கண்ணை எரித்தது. "கியர் ஆயில் கொறையுதுங்களா?"

"கீழே ஒரு சொட்டுகூடச் சிந்தலைங்கண்ணா" என்றேன்.

"கீழ சிந்தாதுங். உள்ளதான் குடிக்குது."

நான் ஊற்றிய அளவை டைரியில் எழுதி வைத்திருந்தேன், அதனால் வடித்து அளந்து பார்த்தோம். சுமார் நானூறு கிலோமீட்டரில் 200 மில்லி குறைந்திருந்தது.

நடந்தது இதுதான். யெஸ்டியில் பிஸ்டன் சுற்றவைக்கும் தண்டான கிராங்கின் இடது பக்கம், அதிலிருந்து கிளட்சுக்குப் போகும் பிரைமரி செயினும் கிளட்சும் கியர் ஆயிலில் முழுகி ஓடுகின்றன. அந்த ஆயிலுக்கும் கிராங்க் அறைக்கும் நடுவில் இருப்பது ஒரு ரப்பர் சீல் மட்டும். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறைதான் கலவையை உறிஞ்சும் பம்பு. மலையடிவாரத்தில் இருக்கும் கல்லாறு வரைக்கும் 14 கொண்டை ஊசி வளைவுகள், அத்தனை தூரமும் ஆக்ஸிலேட்டரை மூடிக்கொண்டு கியரில் இறங்குகிறோம். கார்புரேட்டர் வழி அடைத்திருப்பதால் கிராங்க் அறையில் உறிஞ்சும் வேகம் கூடுகிறது. காற்று கிடைக்காத அறை சீலின் உதட்டு வழியாக கியர் ஆயிலை இழுத்துக்கொள்கிறது. இறங்கும் வரை அது அடியில் தேங்கிக் கிடக்கும். பஸ்ஸை முந்த ஆக்ஸிலேட்டரைத் திறந்ததும் எல்லாம் ஒரேயடியாக மேலே போய்ப் பிளக்கை நனைக்கும். பர்லியாரில் என் வண்டி நின்றது அதனால்தான். ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டர் திறந்திருக்கும், உறிஞ்சல் குறைவு, அதனால் அங்கே நோய் தெரியவில்லை.

வலது பக்க சீல் போனால் கதை வேறு. மேக்னட், பாயிண்ட் இருக்கும் பக்கத்தில் ஆயில் கிடையாது, அங்கே வெளிக்காற்று உள்ளே வரும். கலவை மெலிந்து, பிளக் வெளுத்து, ஐடிலிங் தானாக ஏறும். பிளக் கறுப்பதைவிட அதுதான் இன்ஜினுக்குக் கெடுதல். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளை என்று நான் ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இடது மூடியைக் கழற்றி, கிளட்சையும் பிரைமரி செயினையும் எடுத்தால்தான் அந்த சீலைத் தொட முடியும். இழுத்துக் கழற்றும் கருவியான புல்லர் இல்லாமல் சுத்தியலால் தட்டி எடுக்கிறவர்கள் கிராங்கையே கோணலாக்கிவிடுவார்கள், புல்லர் இருக்கும் பட்டறைக்கே போங்கள். அவர் சீலைக் கொக்கியால் இழுத்து என் கையில் வைத்தார். உதட்டை நகத்தால் அழுத்தினேன், ரப்பர் மாதிரியே இல்லை, பழைய செருப்பின் குதிகால் மாதிரி இறுகியிருந்தது. உதட்டைச் சுற்றி இருக்க வேண்டிய மெல்லிய ஸ்பிரிங் துருப்பிடித்து ஓரிடத்தில் விட்டுப்போயிருந்தது. புது சீலின் உதட்டை அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வருகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. ஆறு வருஷம் எண்ணெய் படாமல் காய்ந்து நின்றதன் பலன். உதட்டில் கொஞ்சம் எண்ணெய் தடவித்தான் புதியதைப் போட்டார், காய்ந்த சீல் முதல் சுற்றிலேயே கிழிந்துவிடுமாம். வலது பக்க சீலையும் அன்றே மாற்றச் சொல்லிவிட்டேன். ஒன்று காய்ந்திருந்தால் மற்றது மட்டும் எப்படித் தப்பித்திருக்கும்?

மாற்றிய மறுநாளும் வண்டி புகைத்தது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. போன் செய்ததும் அவர், "சைலன்சர்ல ஊறிக் கெடக்குதுங், அது எரிஞ்சு முடியட்டும்" என்றார். பொறுக்க முடியாமல் இரண்டு சைலன்சரின் உள் குழாயையும் உருவினேன். கரியும் எண்ணெயும் சேர்ந்து தார் மாதிரி அப்பியிருந்தது. திறந்த இடத்தில் விறகுத் தீயில் போட்டு எரித்து, கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்து மாட்டினேன். அதற்கப்புறம் நூறு கிலோமீட்டரில் புகை சாதாரண அளவுக்கு வந்தது. சீல் மாற்றியும் புகைகிறதே என்று இன்ஜினைத் திரும்பப் பிரித்துவிடாதீர்கள், சைலன்சரைப் பாருங்கள்.

எண்ணெய்தான் காரணம் என்று ஆனதும் சூடான பி6எச்எஸ்ஸைக் கழற்றி, பழையபடி பி7எச்எஸ் போட்டுவிட்டேன். சூடான பிளக் கரியை எரிக்கும், ஆனால் நீண்ட ஏற்றத்தில் அளவுக்கு மேல் சூடாகிப் பிஸ்டனைக் கெடுக்கும். நோயை மறைக்க அதை நிரந்தரமாக வைத்திருப்பது எனக்குச் சம்மதமில்லை. புதுப் பிளக் போடும்போது முதலில் விரலாலேயே கடைசி வரை திருகுங்கள், ஹெட் அலுமினியம், மரை போனால் பெரிய செலவு. விரல் நின்ற இடத்திலிருந்து ஸ்பானரால் அரைச் சுற்று போதும்.

இறங்கும் பழக்கத்தையும் மாற்றிக்கொண்டேன். இப்போது ஒவ்வொரு வளைவும் முடிந்து நேர் பாதை வரும்போது, கிளட்சைப் பிடித்து ஆக்ஸிலேட்டரை ஒரு முறை லேசாகத் திறந்து மூடுகிறேன். தேங்கியது எரிந்துபோகும், அதைவிட முக்கியம், பிஸ்டனுக்குக் கொஞ்சம் ஆயில் போகும். ஆக்ஸிலேட்டர் மூடியிருந்தால் கலவை வராது, கலவை வராவிட்டால் ஆயிலும் வராது, ஆனால் இன்ஜின் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. அப்பாவிடம் சொன்னபோது, "அதத்தான் நான் எப்பவும் பண்ணுவேன், நீ பின்னாடி உக்காந்து தூங்கிட்டு வருவ" என்றார்.

இப்போது அந்தப் பிளக் போட்டு ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. போன மாதம் கோயம்புத்தூர் வரை போனேன். கீழே இறங்கிய பிறகு கழற்றிப் பார்த்தால் மூக்கு வெளுத்திருந்தது. மலைக்காக ஒரு வெட்டு ஏற்றிய நீடில் கிளிப், சமவெளிக் காற்றுக்குக் கலவையை மெலிதாக்கிவிடுகிறது. அதனால் கீழே போவதென்றால் கல்லாறில் நிறுத்தி கிளிப்பைப் பழைய வெட்டுக்கு இறக்குகிறேன், திரும்பும்போது அதே இடத்தில் ஏற்றுகிறேன். பத்து நிமிட வேலை. கிளிப் நகத்தைவிடச் சின்னது, தெறித்துப் புல்லில் விழுந்தால் கிடைக்காது, அதனால் மடியில் வெள்ளைத் துண்டை விரித்துக்கொண்டு மாற்றுகிறேன்.